1789 பாரிஸ் ரொட்டிக்கடைக் காட்சி: என்ன விலை எழுதுவது?

உங்கள் நாடகத்தில், 1789 பிப்ரவரியில் பாரிஸ் கூலிக்காரர் ரொட்டிக்கு எத்தனை பிராங்க் கொடுப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். பிராங்க் அதிகாரபூர்வ நாணயமானது 1795இல்தான். அன்று பிரான்சில் பணத்தைக் கணக்கிட்ட சூ, லீவர் என்றே எழுதுங்கள். 20 சூ ஒரு லீவர்.

நான்கு பவுண்டு ரொட்டி (ஏறக்குறைய 2 கிலோ) வழக்கமாக 8, 9 சூ. 1788 ஜூலை ஆலங்கட்டி மழையில் பயிர் நாசமாகி, அந்த பிப்ரவரியில் 14.5 சூ ஆகிவிட்டது. நாலு பேர் வீட்டுக்கு நாளைக்கு இரண்டு ரொட்டி வேண்டும், அதாவது 29 சூ. சாதாரணக் கூலியோ 20 முதல் 30 சூ. வாடகைக்கும் விறகுக்கும் எங்கே போவார்? ஞாயிறு, திருநாள் என்றால் அந்தக் கூலியும் இல்லை. ஆகவே அவர் இறைச்சி வாங்கும் வசனத்தைத் தயங்காமல் வெட்டுங்கள். மனைவியும் துணி வெளுத்தோ தைத்தோ சம்பாதிக்கட்டும்.