பிரவுன் ஏலில் ஹாப்பின் கசப்பு மிகாமல் இருக்க என்ன செய்வது?

வீட்டில் காய்ச்சும் ஆங்கிலேயப் பாணி பிரவுன் ஏல் என்னும் பழுப்பு நிற பீரில் கசப்பு மேலோங்கி, மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) கேரமல் சுவை மறைந்துபோவதாகச் சொல்லி வழி கேட்டிருக்கிறீர்கள். இவ்வகைக்கு 20 முதல் 30 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு) வரையே வழக்கம் என்பதால், முதலில் ஹாப் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடியின் பூ) பொட்டலத்தில் அச்சிட்டுள்ள, கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமில விழுக்காட்டைப் பாருங்கள். 5 விழுக்காடுள்ள ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்னும் ஹாப் வகைக்குப் பதிலாக 12 விழுக்காடுள்ள மேக்னத்தை அதே எடையில் இட்டால், கசப்பு இரு மடங்கையும் தாண்டிவிடும்.

ஆல்ஃபா அமிலங்கள் கொதிநிலையில் ஐசோ ஆல்ஃபா அமிலங்களாக உருமாறிய பிறகே மால்ட் சாற்றில் கசப்பு சேர்கிறது. ஆகவே எடையைப் போலவே நேரமும் முக்கியம். ஐபியுவைக் கணிக்கும் டின்செத் சூத்திரப்படி, 1.050 ஒப்படர்த்தியுள்ள (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 20 லிட்டர் மால்ட் சாற்றில் மேற்சொன்ன கோல்டிங்ஸை ஏறத்தாழ 43 கிராம் இட்டு 60 நிமிடம் கொதிக்கவிட்டால் 25 ஐபியு கிடைக்கும். அதையே கடைசி 10 நிமிடத்தில் இட்டால் அக்கசப்பில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே கூடுதலாக மட்டும் கிடைக்கும், மணம் கூடும். பிரவுன் ஏலுக்கு அந்த மணம் அதிகம் தேவையில்லை என்பதே என் கருத்து.

ஹாப்பைக் குறைத்தும் நாவில் உறுத்தல் நீடித்தால், கருநிறமாக வறுத்த சாக்லெட் மால்ட்டைச் சந்தேகியுங்கள். வறுத்த தானியத்துக்கும் தனிக் கசப்பு உண்டு. நீரில் சல்ஃபேட் மிகுந்திருந்தாலும் கசப்பு கூர்மையாகத் தெரியும். அப்போது அடுத்த முறை சல்ஃபேட் தரும் ஜிப்சத்தைத் தவிர்த்து, சிறிதளவு கால்சியம் குளோரைடு சேர்க்கலாம். ஏற்கெனவே கசந்துவிட்டதைக் கசப்புக் குறைந்த இன்னொரு ஏலுடன் கலப்பதே எளிய வழி.