கேள்வி பதில்: தண்ணீரைவிட்டுக் கரையேறிய பிறகு

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. வட்டிக்குக் கொடுத்த பணத்தைக் கேட்கப் போனால் இப்போதும் வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது. ஜெபித்தும் கோபம் போகவில்லை. என் இரட்சிப்பு போய்விட்டதா? (வாசகி, மேலூர்)

பதில்: போகவில்லை, சகோதரி. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து நடவு முடிந்த வயலை முதல் வாரம் போய்ப் பாருங்கள். நாற்று வெளிறி, நுனி துவண்டு கிடக்கும். பிடுங்கும்போது அறுந்த வேர் புதிதாக விட்டால்தான் பச்சை பிடிக்கும். அதுவரைக்கும் சந்தேகப்பட்டு யாரும் நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6-ஆம் அதிகாரம், ஞானஸ்நானத்தில் நாம் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டோம் என்கிறது. பாவம் உங்களை ஆளவிடாதீர்கள் என்பதும் அதே அதிகாரம்தான். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் பவுல் அதை எழுதினார். 'உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்' என்று பிலிப்பியர் 2:12 சொல்லும் பிரயாசமும் இரட்சிப்பைச் சம்பாதிப்பதற்கு அல்ல. கிடைத்த இரட்சிப்பு வாழ்க்கையில் நிறைவேறுவதற்கு. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: அந்த விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே.

ஆனால் உங்கள் கோபத்துக்கு வேர் வட்டி நோட்டில் இருக்கிறது. நோட்டை அப்படியே வைத்துக்கொண்டு கோபத்துக்கு மட்டும் ஜெபித்தால் பலன் இராது. நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கொடுத்த அசலையும் இதுவரை வாங்கிய மொத்தத்தையும் எழுதுங்கள். அசலுக்கு மேல் கட்டிவிட்டவரிடம் புரோநோட்டையும் அடகு நகையையும் திருப்பிக் கொடுங்கள். அசல் பாக்கி உள்ளவரிடம் வட்டியை நிறுத்தி, மாதம் இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். கந்துவட்டி 2003 முதல் தமிழ்நாட்டில் சட்டப்படியும் குற்றம். இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயு இரட்சிப்பைக் கண்ட அன்றே, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்புவேன் என்றான். திட்டியது தெருவில் என்றால் மன்னிப்பும் அதே தெருவில், நாலு பேர் காதில் விழக் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்கும் மன்னிப்பு, திட்டு வாங்கியவருக்குப் போன மரியாதையைத் திருப்பித் தராது.

கேள்வி: இயேசுவோடு சிலுவையில் தொங்கி, அவரை விசுவாசித்த கள்ளன் ஞானஸ்நானம் பெறவில்லையே? (வாசகர், சோழவந்தான்)

பதில்: அவனுக்கு நேரம் இல்லை, நமக்கு இருக்கிறது. விசுவாசம் இரட்சிக்கிறது என்பதற்கு அவன் சாட்சி. ஞானஸ்நானம் வேண்டாம் என்பதற்கு அவனைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

கேள்வி: குழந்தையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றேன். இப்போது போகும் சபையில் மறுபடி முழுகி எடுக்கச் சொல்கிறார்கள். (வாசகர், திருமங்கலம்)

பதில்: பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள், விசுவாசித்தவரே முழுகிப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்கின்றன. சி.எஸ்.ஐ. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்று, வளர்ந்தபின் திடப்படுத்தல் ஆராதனையில் அந்த விசுவாசத்தை உங்கள் வாயாலேயே அறிக்கையிட வைக்கிறது. மறு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பழைய 'திதகே' என்ற சபை ஒழுங்கு நூல் ஓடும் தண்ணீரைச் சொல்கிறது. கிடைக்காவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றலாம் என்கிறது. தண்ணீரின் அளவுக்காக இரட்சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கல்யாணத்துக்காகவோ சபைப் பட்டியலில் பேர் ஏறுவதற்காகவோ என்றால் எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. இளைப்பு உண்டு, தண்ணீர் என்றால் பயம். தொட்டியில் முழுகத்தான் வேண்டும் என்கிறார். எப்படி ஆயத்தப்படுத்துவது? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இளைப்பு இருக்கிற நாளில் இறங்கவே கூடாது. வைகை மணல் குழியைவிட ஆலயத் தொட்டி பத்திரம். முந்தின நாள் பாசி போகத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் இடுப்பளவு, சுமார் மூன்று அடி, இருக்கட்டும். வெந்நீர் கலந்து குளிர்ச்சியைப் போக்குங்கள். தண்ணீரில் நிற்பவர் யாரும் ஒயர் மைக்கைத் தொடக் கூடாது. மின்சாரம் தாக்கி உயிரே போகும்.

பயந்தவர் காலை விறைத்துக்கொள்வார். அப்போது பாதம் முன்னால் வழுக்கி, தலை பின்னால் சாய்ந்து, மூக்கில் தண்ணீர் ஏறும். அதனால் முழங்காலை மடக்கிக் குந்தவும், மூக்கைக் கைக்குட்டையால் பிடிக்கவும் முந்தின வாரமே வீட்டில் நாற்காலி பக்கத்தில் பழக்குங்கள். போதகரின் ஒரு கை பிடரியில், இன்னொரு கை அப்பாவின் கைகள்மேல். மறுபக்கம் ஒருவர் துணைக்கு நிற்கட்டும். ஒரு நொடி முழுகினால் போதும். இன்ஹேலரும் துண்டும் கரையில் உங்கள் கையில் இருக்கட்டும். அதுவும் முடியாது என்று டாக்டர் சொன்னால், தலையில் ஊற்றும்படி போதகரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.