மான் வேட்டைக்குப் போகும் முன் எதற்குச் செலவழிக்கலாம்?

கேள்வி: முதல்முறையாக உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறேன். கடையில் வாசனையை மறைக்கும் ஸ்ப்ரே, மான்போல் ஒலி எழுப்பும் ஊதல், இலை தழை அச்சடித்த உடுப்பு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்க வசதியில்லை. எதை வாங்குவது, எதை விடுவது?

பதில்: ஸ்ப்ரேயை விட்டுவிடுங்கள். மான் வரக்கூடிய பக்கத்திலிருந்து உங்கள் முகத்துக்குக் காற்று வீசும்படி உட்கார்ந்தாலே போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பெரிய ஐஸ் பெட்டி, முழங்கை வரை வரும் உறைகள், விரல் நீள அலகுள்ள கத்தி, அதைத் தீட்ட ஒரு சின்னக் கல், கயிறு ஆகியவற்றை வாங்குங்கள். நீளமான கத்தி பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் வயிற்றைத் திறக்கும்போது அதன் முனைதான் குடலைக் குத்தும்.

ஐஸ் பெட்டியை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உயிரோடு இருக்கும் மானின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38, 39 டிகிரி செல்சியஸ். இறைச்சியைக் கெடுக்கும் கிருமிகள் 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் வேகமாகப் பெருகும். மான் விழுந்த நொடியிலிருந்து கறி 4 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை நீங்கள் நேரத்தோடு போட்டி போடுகிறீர்கள். தோலும் ரோமமும் கம்பளி போர்த்தியதுபோல் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

ஒருமுறை, மாலையில் சுட்ட மானைத் தோலோடு இரவு முழுக்கக் கொட்டகையில் போட்டுவிட்டோம். வெளியே குளிராகத்தான் இருந்தது. காலையில் மேல்தொடையைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. இடுப்பு மூட்டு வரை கத்தியை இறக்கியதும் எலும்பை ஒட்டிய சதையில் இன்னும் சூடு, கூடவே புளித்த வாடை. அந்தத் தொடை முழுவதையும் புதைக்க வேண்டியதாயிற்று. ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் கறியை வீணாக்கியது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

மான் விழுந்ததும் ஓடிப் போகாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, பின்பக்கமாக அணுகி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைக்கவில்லை என்றால் உயிர் இல்லை. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உறைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். மலவாயைச் சுற்றி அறுத்துக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். அப்புறம் வயிற்றைத் திறக்கும்போது கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்க, இரண்டு விரலால் தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அறுத்துப் போங்கள். இரைப்பையும் மூத்திரப்பையும் கிழியக் கூடாது. கிழிந்துவிட்டால் தண்ணீர் ஊற்றி அலசாதீர்கள், அசுத்தம் நல்ல சதைக்கும் பரவும். பட்ட இடத்தைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். மூச்சுக்குழாயை மேலே எட்டி அறுத்தால் உள்ளுறுப்புகள் மொத்தமாக வந்துவிடும். நெஞ்சுக்கூடு மூடிக்கொள்ளாமல் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து, உள்ளே ஐஸ் பைகளை வையுங்கள். வெயில் நாளென்றால் தோலை உடனே உரித்து, கால்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பெட்டியில் போடுங்கள். பெட்டியின் வடிகால் திறந்திருக்கட்டும். உருகிய நீரில் கறி ஊறக் கூடாது.

குளிர ஆரம்பித்த மானிலிருந்து உண்ணிகள் இறங்கி வேறு உடம்பைத் தேடும். வீடு திரும்பியதும் அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆரஞ்சு நிற மேலாடை போட்டால் மான் பார்த்துவிடாதா? பரணில் உட்காரப் பாதுகாப்புப் பட்டை ஒன்று பாதி விலைக்குப் பழையது கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: மேலாடையைத் தயங்காமல் வாங்குங்கள். மானின் கண்ணில் சிவப்பைப் பிரித்தறியும் செல்கள் கிடையாது. நமக்குப் பளீரென்று தெரியும் ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். அதே காட்டில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரருக்கோ நீங்கள் மனிதர் என்று தொலைவிலேயே தெரிந்துவிடும். பல இடங்களில் சட்டமே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மான் நீல நிறத்தை நன்றாகப் பார்க்கும். ஆகவே துணியை நீலமாக மின்னவைத்துப் பளபளப்பு கூட்டும் சலவைத்தூளில் மட்டும் மேலாடையைத் துவைக்காதீர்கள்.

பழைய பட்டை வேண்டவே வேண்டாம். அதில் யாராவது ஒருமுறை விழுந்து தொங்கியிருந்தாலே அதன் வேலை முடிந்தது. தையலுக்குள் இற்றுப்போனது வெளியே தெரியாது. பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவர்கள் நிறையப் பேர். புதிதாக வாங்குங்கள், இடுப்பை மட்டும் கட்டுவது கூடாது, உடல் முழுக்கத் தாங்கும் வகையாக இருக்கட்டும். தொங்கும்போது கால் ஊன்றிக்கொள்ளும் வார் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அசையாமல் தொங்கிக்கொண்டே இருந்தால் காலிலேயே ரத்தம் தேங்கி ஆபத்தாகும். விழுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். ஆகவே தரையிலிருந்தே கொக்கி மாட்டிக்கொள்ள உதவும் கயிற்றையும் சேர்த்து வாங்குங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பிறகு கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நண்பர் தான் வேட்டையாடிய மான்கறி ஐந்து கிலோ தந்திருக்கிறார். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. கொடுக்கலாமா?

பதில்: நண்பரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி, எந்தத் தோட்டா? ஈயத் தோட்டா வேகமாகப் பாய்ந்து சதைக்குள் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைத் தாண்டி வெகுதூரம் தெறிக்கும். 2008-ல் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில், ஏழைகளுக்குத் தானமாக வந்த மான்கறியை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ஈயம் தெரிந்தது. அதை விநியோகிக்க வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து ஈயத் தோட்டா கொண்டு வேட்டையாடவே தடை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், வேகவைத்தாலும் அது போகாது. புளிப்பான மசாலாவில் ஊறவைத்தால் இன்னும் கரைந்து சேரும். ஈயத் தோட்டா என்று தெரிந்தால், கொத்துக்கறியாக அரைத்ததைக் குழந்தைக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். செம்புத் தோட்டா சிதறுவது மிகக் குறைவு. நீங்களே வேட்டையாடுகிறவர் என்றால் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வி, மான் மெலிவு நோய்க்குச் சோதித்தாரா? 1967-ல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. பிரியான் என்ற உருத்திரிந்த புரதத்தால் வருகிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானை உண்ண வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். அடுப்புச் சூட்டில் பிரியான் அழியாது. நோய் பரவியிருக்கும் பகுதியில் சுட்ட மான் என்றால், தொண்டை நிணநீர் முடிச்சைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை கறியைத் தனியே பெயர் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். மானைப் பார்க்க நன்றாக இருந்தது என்பது இதற்குப் பதில் ஆகாது. ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது.

இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்ததா? சரி, நன்றாகச் சமைத்துக் கொடுங்கள். கொத்துக்கறியின் நடுவில் 71 டிகிரி வர வேண்டும். முழுத்துண்டுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்பார்கள், குழந்தைக்கு நான் இன்னும் நன்றாகவே வேகவைப்பேன். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உறையவைப்பதால் பாக்டீரியா சாகாது.

கேள்வி: 55 கிலோ மானை வெட்டித்தரக் கொடுத்தேன். 24 கிலோதான் திரும்ப வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: 55 கிலோ குடல் எடுத்த எடை என்றால் கணக்கு சரியாகவே இருக்கிறது. தலை, தோல், எலும்பு, கொழுப்பு, தோட்டா பட்டுக் கன்றிய சதை எல்லாம் போனால் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும். கொழுப்பை ஒட்ட வெட்டியிருந்தால் அது உங்களுக்கு நல்லதுதான். மான் கொழுப்பு மெழுகுபோல் வாயில் ஒட்டும், ஃப்ரீசரிலும் சீக்கிரம் காறிப்போகும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: திரும்ப வந்தது உங்கள் மானின் கறிதானா? சில இடங்களில் கொத்துக்கறிக்கும் சாசேஜுக்கும் பலருடைய மான்களை ஒன்றாகப் போட்டு அரைப்பார்கள். ஒருவருடைய மானில் ஈயமோ நோயோ இருந்தால் அது எல்லோருடைய பொட்டலத்துக்கும் வந்துவிடும். அடுத்த முறை கொடுக்கும் முன்பே தனியாக அரைத்துத் தர முடியுமா என்று கேட்டு, ரசீதில் அப்படியே எழுதி வாங்குங்கள்.