பொண்ணு ரோபோ சொல்லித்தரேங்கறா, நீங்க வளையலை அடகு வெக்கறேங்கறீங்க

சேலம் பனங்காட்டுல இருந்து ஒரு குடும்பம் போன வாரம் என்கிட்ட யோசனை கேட்டு வந்திருந்தாங்க. அப்பா கொலுசுப் பட்டறையில பத்தவைக்கிற வேலை, அதாவது சூடு காட்டி ஒட்டுற வேலை, அம்மா வீட்ல இருந்தே கொலுசுக்கு சலங்கை கோக்கறாங்க, பொண்ணு பி.எஸ்சி. பிசிக்ஸ் இப்பதான் முடிச்சிருக்கு. பெங்களூர்ல இருக்கிற சித்தப்பா "டேட்டா சயின்ஸ் சேத்து விடுங்க, இல்லேன்னா அவ லைஃபே வேஸ்ட்"னு டெய்லி போன் பண்றாராம். ஃபீஸ், லேப்டாப், அங்க ஹாஸ்டல் எல்லாம் சேத்து 5 லட்சம் ஆகுது. அம்மா வளையலைக் கழட்டி அடகு வெக்க ரெடியா இருக்காங்க, மீதிக்கு லோன். பொண்ணு மட்டும் "சின்னப் பசங்களுக்கு ரோபோ கோடிங் சொல்லித்தரணும் சார்"னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டு தலையைக் குனிஞ்சுக்கிச்சு, உடனே அம்மாவுக்கு அழுகை, "டிகிரி படிக்க வெச்சது பொம்மை கார் ஓட்டவா"ன்னு.

கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாகும்னு சொல்லி அனுப்பறது எனக்கு ஈஸி. ஆனா அப்பிடி சொல்ல முடியாது அக்கா, ஏன்னா நீங்க பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படாம வேற எதுக்கோ பயந்துட்டு இருக்கீங்க.

அடகு, லோன் ரெண்டையும் ஒரே கடன்னு வெச்சு, 5 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு 5 வருஷத்துக்கு எடுத்தா மாசம் கிட்டத்தட்ட 10,900 ரூபா கட்டணும், மொத்தமா ஆறரை லட்சம் திருப்பிக் கட்டியிருப்பீங்க. பட்டறையில வெள்ளி ரேட் ஏறுனா ஆர்டர் கொறையும், வேலை இல்லாத வாரம் வரும், அது உங்களுக்கே என்னை விட நல்லாத் தெரியும். அந்த வாரமும் இஎம்ஐ வரும். அந்தக் கோர்ஸ்ல போன பேட்ச்ல எத்தனை பேர் சேந்தாங்க, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது, என்ன சம்பளம்னு எழுத்துல கேட்டு வாங்கச் சொல்லுங்க சித்தப்பாவை. குடுக்க மாட்டாங்க, குடுத்தா எனக்கும் காட்டுங்க, நான் என் பேச்சை மாத்திக்கிறேன். அப்புறம் லோன் ஃபார்ம்ல ஜாமீன் கையெழுத்து அவர் போடுவாரான்னும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

இன்ஜினியரிங், எம்சிஏ, பேங்க் எக்ஸாம், டிஎன்பிஎஸ்சி இதையெல்லாம் பத்தி நான் பேசப்போறதில்ல, அதுக்கு ஐந்து ரோட்டுல திரும்புன பக்கமெல்லாம் போர்டு இருக்கு. பொண்ணு சொன்னதை மட்டும் பாப்போம்.

மொதல்ல இது பொம்மை இல்ல. குழந்தைங்க ரோபோவுக்கு கோட் எழுதறது நேத்து வந்த ஃபேஷனும் இல்ல, 1967-லயே லோகோன்னு குழந்தைங்களுக்காகவே ஒரு கோடிங் மொழி வந்துச்சு, கொஞ்ச வருஷத்துல அதை வெச்சு ஆமை மாதிரி ஒரு குட்டி மெஷினைத் தரையில ஓடவிட்டு கோடு போட வெச்சாங்க. 2007-ல அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டி ஸ்க்ராட்ச்ங்கற கோடிங் சாஃப்ட்வேரை ஃப்ரீயா வெளியிட்டாங்க, அதுல டைப் பண்றதே கம்மி, கலர் கலரா இருக்கிற பிளாக்கை இழுத்து ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு மாட்டணும், பொருந்தாத பிளாக் ஒட்டவே ஒட்டாது. அதனால கமா விட்டுப்போச்சு, ஸ்பெல்லிங் தப்புன்னு மாட்டிக்காம மூணாங்கிளாஸ் பையன் நேரா யோசனைக்குள்ள போயிடுறான். 2016-ல இங்கிலாந்துல பிபிசி மைக்ரோபிட்னு உள்ளங்கைக்குள்ள அடங்குற போர்டு ஒண்ணை பள்ளிக்கூடப் பசங்களுக்கு லட்சக்கணக்குல ஃப்ரீயா குடுத்தாங்க, 25 குட்டி லைட், ரெண்டு பட்டன், ஆட்டுனா தெரிஞ்சுக்கிற சென்சார் எல்லாம் அதுலயே இருக்கு, அதுக்கு மேக்கோட்ங்கற வெப்சைட்ல பிளாக் போட்டு முடிச்சுட்டு ஒரு பட்டனைத் தட்டுனா அதே புரோக்ராம் பைத்தான்ங்கற டைப் பண்ற கோடிங் மொழியில தெரியும். உங்க சித்தப்பா சொல்ற டேட்டா சயின்ஸுக்கும் அதே பைத்தான்தான், சும்மா சொல்லி வெக்கிறேன்.

இப்ப அந்த வேலை எப்பிடி இருக்கும்னு சொல்றேன், ஏன்னா இதை யாரும் சொல்றதில்ல. புரோக்ராமை ஓட்டுற ஒரு ஆர்டுயினோ போர்டு, பேட்டரியில ஓடுற ரெண்டு மஞ்சள் கலர் பிஓ மோட்டார், அதுக்கு கரண்ட் குடுத்து ஓட்டுற ஒரு மோட்டார் டிரைவர், முன்னாடி ரெண்டு கண்ணு மாதிரி ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், இதான் கார். அந்தச் சென்சார் நம்ம காதுக்குக் கேக்காத 40,000 ஹெர்ட்ஸ் சத்தத்தை அனுப்பி அது மோதித் திரும்பற நேரத்தை வெச்சு தூரம் சொல்லும். பசங்க ஸ்க்ராட்ச் மாதிரியே இருக்கிற எம்பிளாக் சாஃப்ட்வேர்ல "தூரம் 20 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா திரும்பு"ன்னு பிளாக் போடுவாங்க. கார் நேரா போயி செவுத்துல முட்டும். ஏன்? திரும்பத் திரும்பச் செய்ய வெக்கிற 'ஃபாரெவர்' பிளாக்குக்குள்ள போடல, அதனால ஒரே ஒரு தடவை பாத்துட்டு விட்டுடுச்சு. சரி, போட்டாச்சு, மறுபடியும் முட்டும், ஏன்னா நடுவுல "2 செகண்ட் வெயிட்" இருக்கு, அந்த ரெண்டு செகண்டும் கார் எதையும் பாக்கறதில்ல. அதையும் சரி பண்ணா இந்தத் தடவை திரைச்சீலையில போயி முட்டும், துணி சத்தத்தை உறிஞ்சிக்கும், திரும்பி வராது. இன்னொரு குரூப்புல கார் நின்ன இடத்துலயே சுத்திட்டு இருக்கும், ஒரு மோட்டாருக்கு ரெண்டு ஒயரும் மாறிப்போச்சு. கேபிளைக் கழட்டுனதும் கார் செத்துப்போச்சுன்னு ஒரு பாப்பா அழும், கம்ப்யூட்டர்ல இருந்தே ஓட்டுற லைவ் மோடுல இருந்து, போர்டுக்குள்ளயே புரோக்ராமை ஏத்துற அப்லோடு மோடுக்கு அது மாத்தவே இல்ல. மோட்டார் கிளம்புற நேரத்துல போர்டு ஆஃப் ஆகி ஆன் ஆகுதுன்னா அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியால அவ்வளவு கரண்ட் குடுக்க முடியல.

இத்தனையும் தெரிஞ்சுக்கறது கஷ்டமில்ல, ஆறு மாசத்துல வந்துடும். தெரிஞ்சதை வாய் திறந்து சொல்லாம, "கார் எப்ப செவுத்தைப் பாக்குது?"ன்னு ஒரு கேள்வியை மட்டும் கேட்டுட்டு அந்தப் பையனே கண்டுபிடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிட்டு நிக்கறதுதான் கஷ்டம். இன்ஜினியரிங் முடிச்சு வந்த நெறைய பேருக்கு இது வராது, பொறுமை இல்லாம ஒயரைப் புடுங்கி அவங்களே மாட்டிடுவாங்க, பையன் வேடிக்கை பாப்பான். உங்க பொண்ணு பிளஸ் டூ முடிச்ச கையோட இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா சேந்து சாயங்காலம் சாயங்காலம் இருபது பசங்களை உக்கார வெச்சு சமாளிச்சிருக்கு, அதுவும் மாசம் ஆயிரம் ரூபாய்க்கு. காலேஜ்ல சர்க்கியூட்டும் படிச்சிருக்கு. பட்டறையில அப்பா பத்தவைக்கிறதைப் பாத்து வளந்த கை, ஒரு ஒயரை ஈயம் வெச்சு ஒட்டச் சொன்னேன், நடுங்கவே இல்ல. இதைத் தூக்கிப் போட்டுட்டு இன்ட்ரஸ்டே இல்லாத ஒண்ணுக்கு அஞ்சு லட்சமா அக்கா?

வேலை எங்க இருக்குன்னு அண்ணன், அதான் பொண்ணோட அப்பா, கேட்டாரு, சரியான கேள்வி. 2020 தேசியக் கல்விக் கொள்கையில ஆறாங்கிளாஸ்ல இருந்தே கோடிங்னு வந்துடுச்சு, சிபிஎஸ்இ-ல ஏஐ ஒரு ஸ்கில் பாடமாவே இருக்கு, ஒம்பது, பத்தாவதுல அதுக்கு பாட நம்பர் 417. நிதி ஆயோக்கோட அடல் டிங்கரிங் லேப், அதாவது பசங்களே கையால செஞ்சு பாக்கற ஸ்கூல் லேப், 2016-ல ஆரம்பிச்சுது, ஒரு ஸ்கூலுக்கு 20 லட்சம் வரைக்கும் குடுப்பாங்க, ஆறுல இருந்து பன்னண்டு வரைக்கும் பசங்க பயன்படுத்தலாம். 2025 பட்ஜெட்ல அஞ்சு வருஷத்துல அரசுப் பள்ளிகள்ல இன்னும் 50,000 லேப்னு அறிவிச்சிருக்காங்க. கிட்டு வந்துடும், நான் பாத்த ஸ்கூல் சிலதுல அது பீரோவுக்குள்ள பாலிதீன் கவரோட அப்பிடியே கிடக்கு, தொறந்தா ரெண்டாவது நாளே ஏதாவது ஓடாது, சரி பண்ண ஆள் இல்ல. அந்த ஆள்தான் உங்க பொண்ணு. ஏற்காட்டுல ஹாஸ்டலோட இருக்கிற பெரிய ஸ்கூல்கள்ல சனி ஞாயிறு பசங்க அங்கயேதான் இருப்பாங்க, வாரக் கடைசி கிளாஸுக்கு ஆள் வேணுமான்னு நேர்ல போயி கேக்கலாம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறணும், அவ்வளவுதானே. மலை மேல நெட் கிடைக்காத ஊர்னாலும் ஸ்க்ராட்ச்சை ஆஃப்லைன்ல போட்டுக்கலாம்.

சம்பளத்தைப் பத்தி பொய் சொல்ல மாட்டேன். ஆரம்பத்துல கம்மிதான், ஐடி ஆபீஸ் ஆஃபர் லெட்டரோட வெச்சுப் பாத்தா சொந்தக்காரங்க சிரிப்பாங்க. ஸ்கூலுக்கு ட்ரெய்னர் அனுப்பற கம்பெனி மூலமா போனா சில இடத்துல கோடை லீவுக்கு சம்பளம் கிடையாது, சேரும்போதே கேட்டுக்கணும். ஆனா கடன் இல்லாத கம்மி சம்பளமும் மாசம் 10,900 போற பெரிய சம்பளமும் உங்க வீட்டுக்கு எப்பிடிப் பொருந்தும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

ஆரம்பிக்க என்ன செலவு? கார் செட் ஒண்ணு சுமார் 1,500 ரூபாய்க்குள்ள முடியும், கம்பெனி பேர் போட்ட ஒரிஜினல் போர்டு வேணாம், காப்பி போர்டே போதும், என்ன, கம்ப்யூட்டர்ல சிஎச்340 டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேரைப் போடாம அது பல நேரம் பேசாது, புதுசா வர்றவங்க சில பேர் போர்டு ரிப்பேர்னு திருப்பி அனுப்பறது இதனாலதான். மூணு செட்டும் ரெண்டாயிரம் சொச்சத்துக்கு ஒரு மைக்ரோபிட்டும் வாங்குனாலும் ஒரு மாச இஎம்ஐயை விட கம்மி. மைக்ரோபிட் வாங்கறதுக்கு முன்னாடியே மேக்கோட்ல ஸ்கிரீன்லயே போர்டு படம் ஓடும், ஒரு மாசம் அதுலயே பழகலாம், ஃப்ரீ. லேப்டாப் செகண்ட் ஹேண்ட் போதும். லித்தியம் செல்லை மட்டும் பசங்க கையில குடுக்க வேணாம், ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும், ஏஏ செல் ஹோல்டர் போதும்.

உங்க தெருவுல ஆறு பசங்களைச் சேத்து சனிக்கிழமை சனிக்கிழமை எடுக்கட்டும், ஆளுக்கு மாசம் 500 வாங்கட்டும். ஃப்ரீயா எடுக்காதே பாப்பான்னு உங்க முன்னாடியே சொல்லிட்டேன், ஃப்ரீன்னா பசங்க வர மாட்டாங்க, வந்தாலும் அம்மாக்கள் மதிக்க மாட்டாங்க. "உங்க பையன் அடுத்த பில்கேட்ஸ்"னு மட்டும் எந்தப் பெத்தவங்ககிட்டயும் சொல்லக் கூடாது. 2020-ல குழந்தைங்க கோடிங் கம்பெனி ஒண்ணு இப்பிடி விளம்பரம் போட்டு அதுல சிலதை விளம்பரத் தர கவுன்சில் எடுக்கச் சொல்லுச்சு. ஒவ்வொரு கிளாஸுக்கும் எது ஓடல, எப்பிடி சரியாச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி போட்டோ ஒட்டி வெக்கட்டும், பசங்க முகம் தெரியாம. இன்டர்வியூவுக்கு சர்ட்டிபிகேட்டை விட அந்த நோட்டு பேசும். 40,000, 60,000 வாங்கிட்டு ரோபோட்டிக்ஸ் ட்ரெய்னர் சர்ட்டிபிகேட் தர்ற இடத்துக்கும் நோ, சென்டர் ஆரம்பிங்க, ஃப்ரான்சைஸ் தர்றோம்னு வந்தாலும் நோ, அதுக்கும் அந்த வளையல்தான் போகும்.

ஒரு வருஷம் எடுத்துப் பாக்கட்டும். அதுக்கப்புறமும் இதுதான்னு நின்னா பி.எட். போடட்டும், ஸ்கூல்ல நிலையான டீச்சர் வேலைன்னா அது வேணும், ரெண்டு வருஷம். குமாரபாளையத்துல அரசு பி.எட். காலேஜ் இருக்கு, மொதல்ல அங்க ட்ரை பண்ணுங்க. பிடிக்கலேன்னா அப்பவும் டேட்டா சயின்ஸ் எங்கயும் ஓடிடாது, வளையலும் கையில இருக்கும்.

சித்தப்பாகிட்ட சொல்ல வேண்டியதை அண்ணன்தான் சொல்லணும், பொண்ணு மேல தள்ளாதீங்க. "இந்த வருஷம் சேக்கல, பாப்பா வேலைக்குப் போறா"ன்னு ஒரே வரி, அதுக்கு மேல விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா அவர் ஜெயிச்சுடுவாரு. அட்வான்ஸ் கட்டியிருந்தா ரசீதோட எழுதிக் குடுத்துத் திருப்பிக் கேளுங்க, போன்ல கேக்காதீங்க. அப்புறம் எந்த ஸ்கூலோ கம்பெனியோ வேலைக்குக் கூப்பிட்டு, டெபாசிட் கட்டு, ரெண்டு வருஷ பாண்டுல கையெழுத்து போடு, ஒரிஜினல் மார்க் ஷீட்டை எங்ககிட்ட வெச்சுட்டுப் போன்னு சொன்னா பொண்ணு அங்க இருந்து எழுந்து வந்துடணும். ஜெராக்ஸ்ல கையெழுத்து போட்டுக் குடுக்கலாம், ஒரிஜினல் வீட்டு பீரோவை விட்டு வெளிய போகக் கூடாது.