ஓடுகிற வண்டியாகவே வாங்குங்கள், தம்பி

இங்கிலாந்தில் ஸ்விண்டனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, வாடகை வீட்டோடு சின்ன கேரேஜ் ஒன்று இருக்கிறது, கோயம்புத்தூரில் அப்பாவின் அம்பாசடரில் வேலை பார்த்துப் பழக்கம், இங்கே ஒரு பழைய எம்ஜி ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி நானே சீர்படுத்த ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். மனைவியும் மூன்று வயது மகளும் இருக்கிற வீட்டில் இது சரிப்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு விளம்பரம்: 1971 எம்ஜிபி, முழுவதும் பிரித்துப் பெட்டிகளில் வைத்திருக்கிறது, எல்லாப் பாகமும் உண்டு, விலை மிகக் குறைவு.

சரிப்படும். ஆனால் அந்த வண்டி வேண்டாம்.

பிரித்துப் போட்ட வண்டியை விற்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பாகங்கள் இருக்கத்தான் செய்யும். எது எங்கே இருந்தது, எந்த போல்ட் எதற்கு, எது தேய்ந்துபோய்க் கழற்றியது என்கிற விவரம் அவர் தலையில் மட்டும்தான் இருக்கும், அது பெட்டியில் வராது. அது மட்டுமில்லை, அந்த வண்டி உங்கள் கேரேஜுக்கு வந்தால் பல வருடங்களுக்கு அது வெறும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஓட்டிப் பார்க்க முடியாது. இங்கே வாரநாள் வேலை, குழந்தை, நாலு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம், இவற்றுக்கு நடுவில் ஓடாத வண்டிமேல் ஆசை நிலைப்பது கஷ்டம். பாதியில் நின்றுபோன இப்படிப்பட்ட வண்டிகள்தான் திரும்பத் திரும்ப விளம்பரத்துக்கு வருகின்றன. அதனால் என் யோசனை ஒன்றுதான்: கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் ஓடுகிற வண்டியாக வாங்குங்கள். கோடையில் ஓட்டுங்கள், குளிர்காலத்தில் ஒவ்வொரு பகுதியாகச் சரிசெய்யுங்கள். நான் கவென்ட்ரியில் இத்தனை வருடமாக என் 1972 எம்ஜிபி ஜிடியை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எஞ்சினை நினைத்துப் பயப்படவே வேண்டாம். எம்ஜிபியில் இருக்கும் 1798 சிசி எஞ்சின், பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் வகை. உங்கள் அப்பாவின் அம்பாசடர் பழைய 1489 சிசி பெட்ரோல் வண்டி என்றால், அதுவும் அதே குடும்பம்தான். அம்பாசடரே ஆக்ஸ்போர்டு பக்கத்து கவ்லியில் செய்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியிலிருந்து வந்தது இல்லையா. எம்ஜிபி செய்த அபிங்டன் அங்கிருந்து சில மைல்தான். பானெட்டைத் திறந்ததும் புஷ்ராடு, ராக்கர் கவர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் பழகிய இடத்தில் பழகிய மாதிரி இருக்கும். டாப்பெட் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாயின்ட் இடைவெளியும் அதே 15 தௌ. இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் மட்டும் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், ஒரு மாலையில் புரிந்துவிடும். எஞ்சின் சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 50 பிஎஸ்ஐக்கு மேல் நின்றால் உள்ளே நலமாக இருக்கிறது என்று நம்பலாம். எஞ்சின் கெட்டிருந்தாலும் பரவாயில்லை, அதைச் சரிசெய்ய ஆளும் உண்டு, பாகமும் உண்டு.

பயப்பட வேண்டியது தகரத்துக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத்தான் திறப்போம். இங்கே முதலில் தரையில் படுக்க வேண்டும். எம்ஜிபிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடியேதான் வண்டியைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை நீளமாக ஓடுகிற பெட்டி போன்ற பகுதியை இங்கே சில் என்பார்கள். வீட்டுக்கு உத்தரம் மாதிரி வண்டிக்கு அது. வெளித்தகரம், நடுத்தகரம், அடியில் கேஸில் செக்ஷன் என்று பல அடுக்காக இருக்கும். பனிக்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பு இந்த அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். வெளியே பெயிண்ட் மினுமினுக்கும், உள்ளே துருவாக உதிரும்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும், துணி சுற்றிய சின்ன காந்தமும் எடுத்துப்போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது. கதவுக்கும் பின்பக்க விங்குக்கும் (சக்கரத்தை மூடுகிற பக்கத் தகரம்) இடையில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா பாருங்கள். மேலே குறுகியிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கதவைத் திறந்து மூடும்போது கீழே இறங்கி இடிக்கிறதா, முன் விங்கின் பின்பக்கக் கீழ்மூலையில் கொப்புளம் இருக்கிறதா, இருக்கைக்குப் பின்னால் பேட்டரி வைக்கிற பெட்டியின் அடி இருக்கிறதா போய்விட்டதா, எல்லாம் பார்க்க வேண்டும். துருப்பிடித்த சில்லை வெட்டாமல் அதன்மேலேயே புதுத் தகரத்தை வைத்து மூடி விற்பதும் நடக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

சில் மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலைதான், பலர் செய்கிறார்கள். ஆனால் முறை தவறக்கூடாது. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து இறுக்கிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். அதிலும் கூரையில்லாத ரோட்ஸ்டரில் இதைச் செய்யாமல் வெட்டினால் பாடி தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. வெல்டிங்கை நிறைய கல்லூரிகளில் மாலை வகுப்பாகச் சொல்லித்தருகிறார்கள். ஒரு பருவம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். நம் ஊரில் டிங்கர் வேலைக்கு ஆள் கூப்பிட்டால் வந்துவிடுவார். இங்கே பல பட்டறைகளில் மணிக்கூலியே 50 பவுண்டைத் தாண்டும், ஒரு பக்க சில்லுக்குப் பல நாள் வேலை இருக்கிறது. கை வேலையை நீங்களே செய்தால்தான் இந்தப் பொழுதுபோக்கு சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும்.

இவ்வளவு தூரம் பாடியைப் பற்றியே பேசுவதற்கு இன்னொரு காரணம், மற்ற எல்லாம் கடையில் கிடைக்கிறது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி இது. ஆக்ஸ்போர்டுஷயரில் விட்னி என்கிற ஊரில் பழைய அச்சுகளைக் கொண்டே முழு பாடியையும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பழைய வண்டிக்கு இப்படி ஒரு வசதி அபூர்வம்.

எந்த மாடல் என்றால், உங்கள் வீட்டு நிலைமைக்கு ஜிடி. 1965-ல் வந்த கூரையுள்ள எம்ஜிபி அது, பினின்ஃபரீனா கைபட்ட வடிவம். ரோட்ஸ்டரைவிட விலை குறைவு, பாடி இறுக்கம் அதிகம், மழை உள்ளே வராது. பின்னால் சின்னதாக ஓர் இருக்கையும் உண்டு. அதில் பெல்ட்டும் குழந்தை இருக்கையும் சரியாகப் பொருத்த முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மகளை உட்கார வைக்க வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். எம்ஜியின் சின்ன வண்டியான மிட்ஜெட்டும் அழகான வண்டி, ஆனால் இரண்டே இருக்கை, மூன்று பேர் குடும்பத்தில் ஒருவர் எப்போதும் வீட்டில் நிற்க வேண்டியிருக்கும். எங்கள் கவென்ட்ரி வண்டியான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரில் பானெட் முழுவதும் முன்பக்கம் சாய்ந்துவிடும், எஞ்சின் வேலைக்கு அதைவிட வசதியான வண்டி இல்லை, ஆனால் அதுவும் இரண்டு இருக்கைதான். எம்ஜிபி சுமார் 3.9 மீட்டர் நீளம், 1.5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம். இங்கத்துப் பழைய குறுகிய கேரேஜிலும் நுழையும். கதவைத் திறந்து இறங்க இடம் இருக்குமா என்று மட்டும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

வாங்கியதும் முதல் குளிர்காலத்தில் பெயிண்டைத் தொடாதீர்கள். பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள்: ரப்பர் ஹோஸ்கள், சிலிண்டர் சீல்கள், இரும்புக் குழாய்கள், புது டாட் 4 பிரேக் ஆயில். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். அடுத்து பெட்ரோல் குழாய்கள். 2021 செப்டம்பரில் இங்கே சாதாரண பெட்ரோல் இ10 ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும். ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் போடுங்கள், பங்கில் எத்தனால் குறைந்த இ5 சூப்பர் பெட்ரோல் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் அது செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். கோடு தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் பத்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். இந்த வண்டிகளில் இருக்கிற லூகாஸ் கம்பெனி மின்சாமான்களை எல்லோரும் திட்டுவார்கள். எர்த் இணைப்புகளையும் வயர் முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்தாலே பாதிக் கோளாறு போய்விடும். 1967 முடிவதற்கு முன் செய்த வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும் என்பதை மட்டும் பேட்டரி மாட்டும்முன் நினைவில் வையுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். ஆக்ஸில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். மகள் கேரேஜுக்குள் வருகிற வீடு என்றால் இது இன்னும் முக்கியம். ஸ்பேனர் எல்லாம் இஞ்ச் அளவு, ஏஎஃப் செட் வாங்குங்கள். 7/16, 1/2, 9/16 மூன்றும்தான் தினமும் கையில் இருக்கும். பெயிண்ட் வேலைக்கு ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-பேக் பெயிண்டை வீட்டில் அடிக்காதீர்கள், அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், அதைப் பட்டறைக்குக் கொடுங்கள். பழைய ஆயிலை கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் வாங்கிக்கொள்வார்கள், சாக்கடையில் ஊற்றினால் குற்றம். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

இனி காகித விஷயம். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது என்பதால் இது அவசரம். இந்திய லைசென்ஸை வைத்து இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், அதை நேரடியாக மாற்றித்தர மாட்டார்கள். ப்ராவிஷனல் என்கிற பழகுநர் லைசென்ஸ் எடுத்து, தியரித் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேற வேண்டும். தேர்வுத் தேதி கிடைக்கவே நாளாகும், இன்றே விண்ணப்பியுங்கள். பழைய வண்டிக்கான காப்பீட்டைப் பல நிறுவனங்கள் இந்த ஊர் லைசென்ஸ் உள்ளவர்களுக்கே தருகின்றன. காப்பீடு எடுக்கும்போது வண்டியின் மதிப்பை முன்பே பேசி முடிவு செய்கிற வகையாகப் பார்த்து எடுங்கள்.

நம் ஆர்சி புத்தகம் மாதிரி இங்கே வி5சி. அதில் பெயர் இருப்பவர் வண்டியை வைத்திருப்பவர்தானே தவிர, உரிமையாளர் என்பதற்கு அது சான்று ஆகாது. அதனால் கையெழுத்திட்ட ரசீது கட்டாயம் வாங்குங்கள். 40 வருடம் தாண்டிய வண்டிக்கு சாலை வரி இல்லை, ஆனால் பூஜ்யம் என்றாலும் ஒவ்வொரு வருடமும் வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயில் பதிய வேண்டும். எம்ஓடி என்கிற வருடாந்தரத் தகுதிச் சோதனையும் 2018 மே மாதத்திலிருந்து கட்டாயமில்லை, கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு. இருந்தாலும் நான் வருடா வருடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன், நீங்களும் செய்யுங்கள். நம் கண்ணில் படாததை இன்னொருவர் கண் பிடிக்கும், அந்தச் சின்னத் தொகைக்கு அது பெரிய நன்மை. குளிர்காலம் முழுக்க பிரித்து வைக்கப் போகிறீர்கள் என்றால் வண்டி சாலைக்கு வராது என்று தெரிவிக்கிற சோர்ன் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. அந்தப் பதிவு இருக்கும்போது பொதுச்சாலையில் நிறுத்தவும் கூடாது.

செலவைப் பற்றி வீட்டில் ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடுங்கள். எம்ஜிபியைச் சீர்படுத்தி விற்று லாபம் பார்ப்பது நடக்காது. முழுதாகச் சீர்படுத்த ஆகிற பணம் பெரும்பாலும் வண்டியின் விலையைத் தாண்டிவிடும். வேறொருவர் அந்தப் பணத்தை ஏற்கனவே செலவழித்த, நல்ல பாடியுள்ள வண்டியை வாங்குவதில் இருக்கிற நியாயம் இதுதான். மாதம் ஒரு தொகை என்று வைத்து, அது தீர்ந்தால் அடுத்த மாதம்வரை கை வைக்காமல் இருக்கலாம். ஓடுகிற வண்டி என்பதால் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

இங்கத்துக்காரர்கள் சேர்த்துக்கொள்வார்களா என்று ஒரு வரி தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். சேர்த்துக்கொள்வார்கள். 1930-ல் தொடங்கிய எம்ஜி கார் கிளப் அபிங்டனில் இருக்கிறது, ஸ்விண்டனிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. பக்கத்துப் பப்பில் மாதம் ஒரு முறை கூடுகிற உள்ளூர்க் குழுக்களும் உண்டு. குடிக்க வேண்டும் என்றில்லை, ஒரு ஆரஞ்சு ஜூஸோடு உட்காரலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர், தபால்காரர், டாக்டர், ஃபிட்டர் எல்லோரும் ஒரே மேசையில் கார்புரேட்டர் பேசுவார்கள். படித்தவன் கையில் கிரீஸ் படுவதை நம் ஊரில் ஒரு மாதிரி பார்ப்பவர்கள் உண்டு. இங்கே அப்படியில்லை, அது எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயம். ஆபீஸில் பல வருடம் பழகியும் வானிலை தாண்டிப் பேச்சு போகாது. இந்தக் குழுக்காரர்களிடம் ஒரு கிங்பின் (முன்சக்கரம் திரும்புகிற முளை) கழலவில்லை என்று சொல்லுங்கள், சனிக்கிழமை காலை சொந்தக் கருவிகளோடு வாசலில் நிற்பார்கள். வண்டி வாங்கும் முன்னாலேயே போங்கள். நல்ல வண்டி எது, யார் விற்கப்போகிறார்கள் என்கிற செய்தி விளம்பரத்துக்கு வருமுன் அந்த மேசைக்கு வந்துவிடும்.

அப்புறம், வண்டி ஏதாவது மனதுக்குப் பிடித்தால் முன்பணம் கொடுப்பதற்குமுன் எனக்குச் சொல்லுங்கள், வந்து உங்களோடு அடியில் படுத்துப் பார்க்கிறேன். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். மழையில்லாத பகல் நேரமாகச் சொல்லுங்கள். ஈரமான பெயிண்டில் பட்டி பார்த்த இடம் தெரியாது.