வீட்டைப் பார்த்தே வீட்டுக்காரரைச் சொல்லிவிட முடியுமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கப் போகிறேன். வீட்டையும் அதில் இருக்கும் பொருட்களையும் பார்த்தே அங்கே இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் ஹாலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹால் என்பது வருகிறவர்களுக்காக வைத்திருக்கிற இடம். மகளின் பட்டமளிப்புப் படம், கண்ணாடி அலமாரிக்குள் தஞ்சாவூர்த் தட்டு, டிவிக்கு மேலே குடும்பப் படம் எல்லாம் 'எங்களை இப்படிப் பாருங்கள்' என்று அவர்களே எடுத்து வைத்தவை. பொய் என்று சொல்லவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையைப் படித்து அந்தக் குடும்பத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமோ, அவ்வளவுதான் ஹாலிலும் தெரியும்.

நான் இங்கே ஏர்கான் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். வொர்க் பெர்மிட்டில் வந்து, டார்மெட்ரி என்கிற தொழிலாளர் விடுதியில் இருந்து, பிறகு பிஆர், அதாவது நிரந்தரவாசம் கிடைத்து, இப்போது ஒரு வேனும் உதவிக்கு ஒரு தம்பியுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று ஒப்பந்தம் போட்ட வீடுகள்தான் அதிகம். அதனால் ஒரே வீட்டை வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதுவும் படுக்கையறையில், ஏணி மேல் நின்றுகொண்டு. சொந்தக்காரர்களுக்கே காட்டாத அறைக்குள், பெயர்கூடச் சரியாகத் தெரியாத என்னை விட்டுவிட்டு 'முடிச்சிட்டுக் கூப்பிடுங்க' என்று போய்விடுவார்கள். இனி சொல்லப்போவது எல்லாம் அந்த ஏணியிலிருந்து பார்த்தது. யாருக்கும் அடையாளம் தெரியாதபடிதான் சொல்வேன், பயம் வேண்டாம்.

ஃபில்டரைக் கழற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோகும்போதே பாதி தெரிந்துவிடும். கறுப்பாக, விரலில் மை மாதிரி ஒட்டினால் தினமும் ஊதுபத்தி, சாம்பிராணி எரிகிற வீடு. சாமிமாடம் வைத்திருக்கும் சீனர் வீடுகளிலும் இதே மைதான், புகைக்கு மதம் கிடையாது. மஞ்சளாகப் பிசுபிசுத்தால் சமையலறைக் கதவைச் சாத்துவதில்லை, அடிக்கடி மீன் பொரிக்கிறார்கள். மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் பவுடர். கைக்குழந்தை இருக்கலாம், குளித்துவிட்டுக் கழுத்தெல்லாம் பவுடர் கொட்டிக்கொள்ளும் தாத்தாவும் இருக்கலாம். பூனை முடி வந்தால் முன்பெல்லாம் நான் வாயே திறக்க மாட்டேன். வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் பூனைக்கு நெடுநாள் தடை இருந்தது. 2024 செப்டம்பரிலிருந்துதான் உரிமம் எடுத்து இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று ஆக்கினார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ வீடுகளில் பூனை இல்லை, ஃபில்டரில் முடி மட்டும் இருந்தது.

அழுக்கு ஃபில்டரைவிடச் சுத்தமான ஃபில்டர்தான் என்னை யோசிக்க வைக்கும். அந்த ஏர்கான் ஓடவே இல்லை என்று அர்த்தம். ஈசூனில் ஒரு பாட்டி வீடு. மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டார். பாட்டி ஹாலில் பாய் விரித்து, மேஜை விசிறியைக் கால்மாட்டில் வைத்துப் படுக்கிறவர். மகன் அறையில் கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கும். ஓடாத ஏர்கானுக்கு ஏன் காசு செலவழிக்கிறீர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை போதுமே என்று சொல்லிப் பார்த்தேன். "அவன் வர்ற அன்னைக்குத் தண்ணி ஒழுகினா யாரைத் தம்பி தேடிப் பிடிக்கிறது?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. ஒரே கம்பிரசரில் மூன்று ஏர்கான் மாட்டியிருப்பார்கள், சிஸ்டம் த்ரீ என்போம். இரண்டு ஃபில்டர் பளிச்சென்று இருக்கும், மூன்றாவதில் மட்டும் தூசி கெட்டியாக அடைத்திருக்கும். குடும்பம் மொத்தமும் அந்த ஓர் அறையில்தான் தூங்குகிறது. சுவரோரம் நிமிர்த்தி வைத்த மெத்தைகளைப் பார்த்தாலே தெரியும். கரண்ட் பில்லுக்காக ஆரம்பித்திருப்பார்கள், பிள்ளைகள் உயர்நிலைப்பள்ளிக்குப் போன பிறகும் தொடரும். அந்த ரிமோட்டில் பெரும்பாலும் 25 இருக்கும், அரசாங்கம் வைக்கச் சொல்வதும் அதே 25தான். 16 வைத்துக்கொண்டு கம்பளி போர்த்துகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். அவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

அப்புறம் அலமாரி உச்சி. தூக்கிப் போட மனசு வராது, கண்ணில் பட்டுக்கொண்டும் இருக்க வேண்டாம் என்கிற சாமானெல்லாம் அங்கேதான் ஏறும். எக்ஸ்ரே உறைகள், தொடக்கப்பள்ளியில் வாங்கிய கோப்பை, நின்றுபோன நாட்டிய வகுப்பின் சலங்கைப் பை. பழைய செய்தித்தாளில் சுற்றிய குத்துவிளக்கு இருந்தால் தாளின் தேதியைப் பார்ப்பேன். கடைசியாக அந்த வீட்டில் விசேஷம் நடந்தது எப்போது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

செம்பவாங்கில் ஒரு வீட்டில் அப்படி ஒரு மரப்பெட்டி இருந்தது. சாம்பல் நிறப் பெயின்ட், மூலைகளில் தகடு, தூக்க முடியாத கனம். ஏர்கானுக்கு நேர் கீழே இருந்ததால் இறக்க வேண்டும். தம்பி கையை வைக்கப் போனான், வீட்டுக்கார அக்கா அவனைத் தள்ளிவிட்டு, தானே ஸ்டூல் போட்டு ஏறி ஒரு பக்கம் பிடித்தார். உள்ளே ஸ்பானர்கள், அரங்கள், எண் வெட்டிய ஒரு பித்தளை வில்லை. அவர் தாத்தா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தவராம். அந்தத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளமாக வேலை பார்த்தார்கள். 1968இல் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியது, 1971இல் பிரிட்டிஷ் படையும் கிளம்பியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்த குடும்பம் அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டது. கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாம் ஒவ்வொரு மாற்றலிலும் பழைய சாமான் வாங்கும் கருங்குனிக்காரரிடம் போனது. பெட்டி மட்டும் போகவில்லை. ஹாலிலேயே வைக்கலாமே அக்கா என்றேன். "வர்றவங்க இரும்புக்கடையான்னு கேப்பாங்க" என்றார். ஹாலில் ஈபிள் கோபுரத்தின் பெரிய படம் மாட்டியிருந்தது. அந்த வீட்டில் யாரும் பாரிஸ் போனதில்லை.

1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் கனத்த சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு குட்டி அறை இருக்கும். போர் வந்தால் பதுங்க. நாம் அதை பாம் ஷெல்டர் என்போம், வைப்பது அரிசி மூட்டை. ஆனால் இங்கேதான் பொருளைப் பார்த்து ஆளை எடைபோடுவது எவ்வளவு சிக்கல் என்று தெரியும். சாப்பிடுவது இரண்டு பேர், அறை நிறைய அரிசி. இப்படி மூன்று வீடுகள் எனக்குத் தெரியும். முதல் வீட்டில் அது 2020இல் பிடித்த பழக்கம். அந்த பிப்ரவரியில் கோவிட் எச்சரிக்கையை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தினார்கள். அன்று மாலையே கடைகளில் அரிசி, மேகி, டாய்லெட் பேப்பர் எல்லாம் காலியானது. அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பிய மனிதர் அதற்குப் பிறகு வீட்டில் அரிசி குறைய விடுவதில்லை. இரண்டாவது வீட்டு அம்மா கோயில் அன்னதானத்துக்குச் சேர்க்கிறவர், மாதாமாதம் மூட்டை வரும், போகும். மூன்றாவது வீட்டுப் பெரியம்மா ஜப்பான்காரன் காலத்தில், அதாவது 1942க்கும் 1945க்கும் நடுவில், மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர். வீட்டில் அரிசி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும், ஆனால் கிழங்கு மட்டும் வாங்கவே விடமாட்டார் என்று பேத்தி சொன்னாள். மூன்று வீட்டிலும் ஒரே தாய்லாந்து அரிசிப் பை. பழக்கத்தைப் பொருள் காட்டிக்கொடுத்துவிடும், காரணத்தை யாராவது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். என் வாடிக்கையாளரின் மகள் உளவியல் படிக்கிறாள், அவள் சொல்லித்தான் தெரியும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சாம் காஸ்லிங் என்பவரும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்ட ஆய்வு. முன்பின் தெரியாத ஆட்களை 94 அலுவலக இடங்களுக்கும் 83 படுக்கையறைகளுக்கும் அனுப்பி, அங்கே இருப்பவரின் குணத்தைக் கணிக்கச் சொன்னார்கள். புதியவற்றில் ஆர்வம் உள்ளவரா, ஒழுங்காகக் காரியம் செய்கிறவரா என்பதில் கணிப்பு நன்றாகவே ஒத்துப்போனது. இனிமையாகப் பழகுகிறவரா என்பதில் சரியாக வரவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. தரையில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் துடைத்து வைத்திருக்கும் வீடுகளில், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். செருப்பு வைக்க இடமில்லாமல் சாமான் இறைந்து கிடக்கும் வீட்டில் "சாப்பிட்டுட்டுப் போங்கப்பா" என்று தட்டைப் போட்டுவிடுவார்கள்.

வீவகவின் வாடகை அடுக்குமாடிகளுக்கும் சில நேரம் போவேன். தனியாளாக இருக்கும் இருவரை ஒரே வீட்டில் சேர்த்து வைக்கும் வீவகத் திட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலும் வயதானவர்கள். உள்ளே போனால் இரண்டு ரைஸ் குக்கர், இரண்டு குட்டி ஃபிரிட்ஜ், தொட்டியோரம் இரண்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு. பேச்சுவார்த்தை இருக்கிறதா இல்லையா என்று சோப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு வீட்டில் மட்டும் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தது, சதுரங்கப் பலகை ஒன்றே ஒன்று, பாதி ஆட்டத்தோடு.

டார்மெட்ரியில் கதை வேறு. அங்கே வீடு என்பது ஒரு கட்டில், அதைச் சுற்றி மறைப்பாகத் தொங்கவிட்ட ஒரு போர்வை, ஒரு லாக்கர். கோவிட்டுக்குப் பிறகு 2021இல் புது விடுதிகளுக்கு விதி மாற்றி, ஓர் அறைக்கு 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் என்றார்கள். நான் இருந்த காலத்தில் இவ்வளவு தாராளம் இல்லை. அந்த இடத்திலும் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஊர்ப் பெட்டி போதும். அது ஒரே நாளில் நிறைவதில்லை. முதலில் கோடாலித் தைலம் இரண்டு டஜன், அடுத்த சம்பளத்தில் சோப்பு, அதற்கடுத்து முஸ்தபா கடையில் ஒரு கம்பளி. பெட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்தால் விடுமுறை எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடலாம். என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் இருந்த அண்ணன் மகளுக்குக் கவுன் வாங்கி வைத்தார், ஒரு வயது பெரிய அளவில். பயணம் தள்ளிப்போனது. அந்தக் கவுனை இன்னொருவர் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த அளவு வாங்கினார்.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். முதலில் வாசலில் செருப்பை எண்ணுங்கள். 'நாங்க நாலு பேர்தான்' என்று வீட்டுக்காரர் சொல்லும்போது வெளியே பதினோரு ஜோடி, அதுவும் வேறு வேறு அளவில் வேலைக்குப் போகும் ஷூ கிடந்தால் கணக்கு வேறு. வீவக வீட்டில் உறவில்லாதவர்கள் 6 பேர் வரைதான் தங்கலாம் என்று இருந்தது. 2024 ஜனவரியில் நான்கறை வீடுகளுக்கும் அதைவிடப் பெரியவற்றுக்கும் தற்காலிகமாக 8 ஆக்கினார்கள். அதற்கு மேல் ஆள் இருக்கும் வீட்டில் சிக்கல் வந்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான். செருப்பு அலமாரியே வராந்தாவை அடைத்துக்கொண்டிருந்தால், 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்கிற தீயணைப்பு விதியை அவர் பொருட்படுத்துவதில்லை. உங்கள் ஒப்பந்தத்தை மட்டும் பொருட்படுத்துவாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் அடுப்பைப் பாருங்கள். 'லைட் குக்கிங்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் மேகி வரைக்கும் சரி, தாளிப்புக்கு இடமில்லை. வீட்டுக்காரர் அடுப்பிலேயே எண்ணெய்த் தடம் இல்லையென்றால் உங்கள் ரசத்துக்கும் முகம் சுளிப்பார். ஃபிரிட்ஜிலும் சுவிட்சிலும் எத்தனை காகிதம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் ஒழுங்கான ஆள். கழிவறைக் கதவு வரைக்கும் நீண்டால், போன வாடகைக்காரரோடு பெரிய சண்டை நடந்திருக்கிறது.

வீவக அறைக்குக் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் அதுவரை மாட்டிக்கொள்வீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஏர்கானைப் போட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள், ஒழுகுகிற ஏர்கான் பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை மட்டும்தான் ஏர்கான் என்பது போன்ற நிபந்தனை இருந்தால் முன்பே சொல்லச் சொல்லுங்கள். சர்வீஸ் யார் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கடைசி சர்வீஸ் ரசீதையும் கேளுங்கள். ரசீது இல்லை, போன மாதம்தான் செய்தோம் என்று வாயால் சொன்னால், ஏர்கானின் முன்மூடியை இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கி ஃபில்டரைப் பாருங்கள். அதற்கு ஏணிகூட வேண்டாம், ஒரு நாற்காலி போதும்.