படம் போட்டு எழுதின சரித்திரம்: ஆஸ்டெக் சுவடிகள் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல மெக்சிகோ கொடியில இருக்கிற கழுகும் சப்பாத்திக்கள்ளியும் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ஆஸ்டெக் மக்கள் 1325ல டெனோச்டிட்லான் நகரத்தை உருவாக்கின கதை அது, கோடெக்ஸ் மெண்டோசாங்கிற படச்சுவடியோட ஆரம்பத்துலயே அந்தப் படம் இருக்குன்னு ரெண்டு வரி எழுதிட்டு நகர்ந்துட்டேன். அந்த ரெண்டு வரிக்கு வந்து குவிஞ்ச கேள்விகள்தான் இந்த இதழ் முழுக்க. சினிமா கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி: எழுத்தே இல்லாம வெறும் படத்தை வச்சு சரித்திரம் எழுத முடியுமா? படத்தைப் பாத்து ஆளாளுக்கு ஒரு கதை சொல்லலாமே? (நாமக்கல் வாசகி)

பதில்: அப்படி இஷ்டத்துக்கு சொல்லிட முடியாதுங்க. அந்தப் படங்களுக்கு கறாரான விதி இருக்கு. காலடித் தடம் வரிசையா போனா அது பயணம். வாய்க்கு முன்னாடி சுருள் மாதிரி ஒண்ணு மிதந்தா அந்த ஆள் பேசிட்டு இருக்கார். கோயில் கூரை சாஞ்சு தீயும் புகையும் வந்தா அந்த ஊரைப் பிடிச்சாச்சு. துணியில சுத்திக் கட்டின மூட்டையா ஒரு உருவம் உக்காந்திருந்தா ராஜா செத்துட்டார். ஊர் பேருக்கு மலை படம் போட்டு அதுமேல வெட்டுக்கிளி வரைஞ்சா சாபுல்டெபெக், பாம்பு வரைஞ்சா கோவாடெபெக். இன்னொரு கெட்டிக்காரத்தனமும் பண்ணுவாங்க, 'ட்லான்'னு முடியிற ஊர் பேருக்கு பல்லு வரைவாங்க, ஏன்னா அவங்க பேசின நாவாட்ல் மொழியில பல்லுக்கும் அதே சத்தம், ஆக படத்தை சத்தத்துக்காகவும் பயன்படுத்தியிருக்காங்க, அதனால 'எழுத்தே இல்லாத மக்கள்'னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா வாக்கியம் வாக்கியமா எழுதி வைக்கிற பழக்கம் இல்லைங்கிறது உண்மைதான். அத்தி வகை மரத்தோட பட்டையில செஞ்ச காகிதம், இல்லன்னா மான் தோல், அதை விசிறி மாதிரி மடிச்சு மடிச்சு நீளமா வச்சிருப்பாங்க. அதைப் பிரிச்சு வச்சுக்கிட்டு தெரிஞ்சவர் வாயால கதை சொல்லணும். ட்லாகுயிலோன்னு அழைக்கப்பட்ட ஓவியர்கள்தான் இதை வரைஞ்சாங்க, அது சும்மா வேலை இல்ல, பெரிய மரியாதையான தொழில். கோடெக்ஸ் போடுரினின்னு ஒண்ணு மெக்சிகோ நகர மானுடவியல் மியூசியத்துல இருக்கு, 5 மீட்டருக்கு மேல நீளம், அஸ்ட்லான்ங்கிற தீவை விட்டுக் கிளம்பின மக்கள் வருஷக்கணக்கா நடந்து வந்த கதை, பக்கத்துக்குப் பக்கம் காலடித் தடம்தான். பாதியிலயே நின்னுபோச்சு, கறுப்புக் கோடு மட்டும் இருக்கு, வருஷங்களை இணைக்கிற சிவப்புக் கோட்டைத் தவிர வண்ணமே பூசல. எனக்கு இருக்கிறதுலயே இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: வருஷத்தை எப்படிக் குறிச்சாங்க? கிபி கிமு கிடையாதே? (பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: நம்ம பிரபவ, விபவ வருஷக் கணக்கு தெரியுமில்ல, 60 வருஷம் முடிஞ்சா மறுபடி பிரபவ, வெறும் பேரை மட்டும் சொன்னா எந்த பிரபவன்னு தெரியாம முழிக்கணும், அங்கயும் அதே கூத்து. வீடு, முயல், நாணல், சக்கிமுக்கிக் கல்னு நாலு குறி, கூடவே 1லேருந்து 13 வரைக்கும் புள்ளி, பெருக்கினா 52 வருஷ வட்டம். அதனால '1 முயல்'னு இருந்தா அது 1454ஆ 1506ஆன்னு முன்னாடி பின்னாடி பாத்துத்தான் முடிவு பண்ணணும். 1454ஐ நல்லா ஞாபகம் வச்சிருந்தாங்க, பயங்கரமான பஞ்சம். ஸ்பெயின் படைத்தலைவர் கோர்டெஸ் கரையேறின 1519 அவங்க கணக்குல 1 நாணல், தலைநகரம் விழுந்த 1521 வந்து 3 வீடு. 52 வருஷம் முடிஞ்சா எல்லா அடுப்பையும் அணைச்சுட்டு மலை மேல புது நெருப்பு கடைஞ்சு எடுப்பாங்க, கடைசியா அது நடந்தது 1507ல.

கேள்வி: 2012ல உலகம் அழியும்னு ஆஸ்டெக் காலண்டர் சொன்னது ஏன் பலிக்கல? (பேர் போடல)

பதில்: அது மாயா காலண்டர். அதுவும் அப்படி ஒண்ணும் சொல்லல.

கேள்வி: இந்தப் புத்தகங்களை எல்லாம் ஸ்பெயின்காரங்க எரிச்சுட்டாங்கன்னு படிச்சேன். அப்புறம் எதை வச்சு ஆராய்ச்சி பண்றாங்க? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: எரிச்சது நிஜம். சாமி புத்தகம், பஞ்சாங்கம் மாதிரி இருந்ததெல்லாம் பாதிரியார்கள் கண்ணுக்கு பிசாசு வேலையா தெரிஞ்சுது. அது மாதிரி ஒரு நாள்கணக்குப் புத்தகம் வீட்டுல இருந்ததே, டெஸ்கோகோ பிரபு டான் கார்லோஸ் மேல பிஷப் சுமாராகா நடத்துன விசாரணையில ஒரு சாட்சியா வந்துச்சு, 1539ல அவருக்கு மரண தண்டனை. யுகடான் பக்கம் மாயா புத்தகங்களை 1562ல டியேகோ டி லாண்டாங்கிற பாதிரியார் எரிச்ச கதை தனி.

ஆனா முதல்ல எரிச்சவர் யாருன்னு கேட்டா கொஞ்சம் தூக்கிவாரிப் போடும். இட்ஸ்கோவாட்ல்னு ஒரு ஆஸ்டெக் ராஜா. அதுவரைக்கும் அவங்க அஸ்கபொட்சால்கோங்கிற பக்கத்து ஊருக்குக் கப்பம் கட்டிட்டு இருந்தாங்க, 1428 வாக்குல அவங்களை ஜெயிச்சதும் இவர் பழைய சரித்திரப் படச்சுவடிகளை எரிக்கச் சொல்லிட்டார், எல்லா ஜனமும் இதைத் தெரிஞ்சுக்கறது நல்லதில்லைன்னு பெரியவங்க பேசி முடிவு பண்ணாங்களாம். இதைச் சொன்னது ஸ்பெயின்காரங்க இல்ல, அந்த ஊர் பெரியவங்களே பின்னாடி சஹகூன்ங்கிற பாதிரியார்கிட்ட அவங்க மொழியிலயே சொன்னது. அடிமையா கிடந்த கதையெல்லாம் போயிடுச்சு, கழுகு வழிகாட்டின கதை நின்னுடுச்சு. அதனால எந்தச் சுவடியைப் பாத்தாலும் இதை யார் யாருக்காக வரைஞ்சாங்கன்னு கேட்டுட்டுத்தான் நான் உள்ள போவேன்.

இன்னொரு விஷயம், ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முன்னாடி டெனோச்டிட்லான்ல வரைஞ்சதுதான்னு எல்லா அறிஞர்களும் ஒத்துக்கிற புத்தகம் ஒண்ணு கூட இல்ல. பாரிஸ்ல இருக்கிற கோடெக்ஸ் போர்போனிகஸ் பத்தி இன்னும் சண்டை ஓயல. நம்மகிட்ட இருக்கிறதுல பெரும்பகுதி 1521க்கு அப்புறம் அதே பரம்பரை ஓவியர்கள் புது முதலாளிகளுக்காக வரைஞ்சது.

கேள்வி: கோடெக்ஸ் மெண்டோசான்னு சொன்னீங்களே, மெண்டோசா யார்? அதுல அப்படி என்ன இருக்கு? (காரைக்குடி வாசகி)

பதில்: அந்தோனியோ டி மெண்டோசா, மெக்சிகோவுக்கு ஸ்பெயின் அனுப்பின முதல் வைஸ்ராய். 1541 வாக்குல அவர் காலத்துல உருவானதால அவர் பேரு. மூணு பாகம். முதல் பாகம் ராஜாக்கள் பிடிச்ச ஊர்கள், பக்கம் பூரா சாஞ்சு எரியிற கோயில்கள். தோத்த கணக்கு அதுல தேடாதீங்க. அஷாயகாட்ல் ராஜா காலத்துல மேற்குப் பக்கம் தரஸ்கன் மக்கள்கிட்ட செம அடி வாங்கினாங்க, அதெல்லாம் வேற நூல்கள்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும், இங்க பிடிச்ச ஊர் பட்டியல் மட்டும்தான்.

ரெண்டாவது பாகம் கப்பக் கணக்கு, எனக்கு இதுதான் தங்கச் சுரங்கம். கொடி போட்டா 20, முடி மாதிரி ஒண்ணு போட்டா 400, பை போட்டா 8,000. டோச்டெபெக் பகுதியிலேருந்து மட்டும் 16,000 ரப்பர் பந்து, அதாவது பந்து படத்துல ரெண்டு பை. தெற்கே ஷொகோனோச்கோவிலேருந்து கோகோ கொட்டை 200 சுமை, கூடவே சிறுத்தைப்புலி மாதிரி இருக்கிற ஜாகுவாரோட தோல் 40. போர்வை, போர் உடை, சோளம், தேன், பறவை இறகு, இப்படிப் போயிட்டே இருக்கும். ஸ்பெயின்காரங்களுக்கு இந்தப் பாகத்துல ஏன் அவ்வளவு ஆர்வம்னு விளக்கணுமா என்ன, பழைய ராஜாவுக்கு எந்த ஊர் எவ்வளவு கட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தானே நாம எவ்வளவு கறக்கலாம்னு தெரியும்.

பக்கத்துலயே ஸ்பானிஷ்ல விளக்கம் எழுதியிருக்கு. எழுதினவர் கடைசியில புலம்புறார் பாருங்க, கப்பல் கிளம்புறதுக்கு 10 நாளுக்கு முன்னாடிதான் படங்களைக் கையில குடுத்தாங்க, உள்ளூர் ஆளுங்க ஒரு முடிவுக்கு வர லேட்டாச்சு, அதான் அவசரத்துல எழுத வேண்டியதாப் போச்சுன்னு. டெட்லைன் புலம்பலுக்கு 480 வருஷ பாரம்பரியம் இருக்குன்னு எங்க எடிட்டருக்கும் சொல்லிக்கிறேன்.

அவ்வளவு அவசரப்பட்டும் புத்தகம் ஸ்பெயின் ராஜா கைக்குப் போய்ச் சேரல. வழியில பிரெஞ்சு கொள்ளைக் கப்பல்காரங்க கையில சிக்கிடுச்சுன்னு சொல்றாங்க. பிரெஞ்சு அரண்மனை புவியியல் அறிஞர் ஆந்த்ரே தெவேகிட்ட வந்துச்சு, அவர் உள்ள தன் பேரையும் 1553ன்னும் எழுதி வச்சுக்கிட்டார். அவர்கிட்டேருந்து ரிச்சர்ட் ஹக்லூட்ங்கிற இங்கிலீஷ்காரர் வாங்கினார், அப்புறம் கை மாறி கை மாறி 1659ல ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்துக்குப் போனது, இன்னிக்கும் அங்கதான்.

கேள்வி: ராஜா கதை இருக்கட்டும் சார், சாதாரண ஜனங்களுக்கு இந்தப் படமெல்லாம் ஏதாவது உதவுச்சா? (சிவகாசி வாசகர்)

பதில்: கோர்ட்ல கேஸ் ஜெயிக்க உதவுச்சு! 1531, வெஹோட்சிங்கோங்கிற ஊர். கோர்டெஸ் ஸ்பெயினுக்குப் போயிருந்த நேரத்துல நூன்யோ டி குஸ்மான் தலைமையில இருந்த அதிகாரிங்க அந்த ஊர்க்காரங்களைப் போட்டு உறிஞ்சி எடுத்துட்டாங்க. திரும்பி வந்த கோர்டெஸ் கேஸ் போட்டார், ஊர்க்காரங்களும் கூட சேர்ந்தாங்க. எவ்வளவு குடுத்தோம்னு 8 தாள்ல படம் வரைஞ்சு குடுத்தாங்க, சோளம், பீன்ஸ், மிளகாய், செங்கல், துணி, எல்லாம் எண்ணிக்கையோட. அதுல ஒரு தாள்ல மாதாவும் குழந்தையும், குஸ்மான் படையெடுப்புக்கு எடுத்துட்டுப் போன கொடிக்காக, அதுக்குத் தங்கம் வாங்க அடிமைகளை வித்தாங்கன்னும் வரைஞ்சிருக்காங்க. 1538ல ஸ்பெயின் ராஜா வரைக்கும் போய், வாங்கினதுல மூணுல ரெண்டு பங்கைத் திருப்பிக் குடுக்கணும்னு தீர்ப்பு. கோர்டெஸுக்கு ஊர்க்காரங்க மேல பாசம் ஒண்ணும் இல்ல, கப்பம் அவருக்கு வர வேண்டியது வேற ஆளுக்குப் போயிடுச்சேன்னுதான். அந்தத் தாள்கள் இப்ப அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல.

ட்லஸ்காலா ஊர்க்காரங்க இன்னும் ஒரு படி மேல. அவங்க 1552 வாக்குல பெரிய துணியிலயே சரித்திரம் வரைஞ்சாங்க, அதுல ஸ்பெயின்காரங்களோட சேர்ந்து ஆஸ்டெக்கை ஜெயிச்சது நாங்கதான்னு காட்சி காட்சியா இருக்கும், எங்களுக்கு சலுகை குடுங்கன்னு கேட்கத்தான் அத்தனையும். ஆரம்பத்துல கோர்டெஸோட இவங்களே சண்டை போட்டதை மட்டும் காணோம். மூலத் துணி தொலைஞ்சுபோச்சு, நகல்கள்தான் இருக்கு.

கேள்வி: ஒரே விழாவுல 80,000 பேரை பலி குடுத்தாங்கன்னு யூடியூப்ல பாத்தேன், உண்மையா? (ஓசூர் வாசகர்)

பதில்: 1487ல பெரிய கோயில் திறப்பு விழா. கோடெக்ஸ் டெல்லெரியானோ ரெமென்சிஸ்ல அந்த வருஷத்துக்கு மேல பை ரெண்டு, முடி பத்து போட்டிருக்கு, கூட்டினா 20,000. 80,400ன்னு சொல்றது டியேகோ டுரான்ங்கிற பாதிரியார் பின்னாடி எழுதின நூல். பலி நடந்ததுல சந்தேகம் இல்ல, தொல்லியல்ல மண்டை ஓடுகள் கிடைச்சிருக்கு. ஆனா இந்த எண்கள்? எதிரியை பயமுறுத்த நினைச்ச ராஜ்ஜியமும் அதைப் பேய்னு காட்ட நினைச்ச பாதிரியாரும் ரெண்டு பேருமே எண்ணிக்கை கூடினா சந்தோஷப்படுற ஆளுங்க. நான் நம்ப மாட்டேன்.

அதே சுவடியை நில அதிர்வு ஆராய்ச்சிக்கும் எடுத்துக்கிட்டாங்க தெரியுமா? நடுவுல வட்டம் வச்ச நாலு இறக்கை மாதிரி ஒரு குறி, கூட மண்ணைக் காட்டுற பட்டை, அப்படின்னா பூகம்பம். 1460லேருந்து 1542 வரைக்கும் 12 பூகம்பம் இருக்குன்னு 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு. இதுல பொய் சொல்லி யாருக்கும் லாபம் இல்ல, அதனால இந்தப் பகுதியை தாராளமா நம்பலாம்.

கேள்வி: எல்லாம் ஐரோப்பாவுலயே இருக்கே, மெக்சிகோ திருப்பிக் கேட்கலையா? நாம எங்க பாக்கிறது? (புதுச்சேரி வாசகி)

பதில்: கேட்டுட்டுத்தான் இருக்காங்க. 1982ல ஒரு மெக்சிகோக்காரர் பாரிஸ் தேசிய நூலகத்துலேருந்து ஒரு நாள்கணக்குச் சுவடியை மறைச்சு எடுத்துட்டு ஊருக்கே வந்துட்டார், அவருக்கு அது திருட்டு இல்ல, மீட்பு. பிரான்ஸ் குதிச்சுது, ஆனா சுவடி மெக்சிகோவுலயேதான் இருக்கு. 2024ல சான் அந்த்ரேஸ் டெடெபில்கோ பகுதியைச் சேர்ந்த மூணு சுவடிகளை ஒரு குடும்பத்துக்கிட்டேருந்து மெக்சிகோ வாங்கியிருக்கு, அதுல ஒண்ணு டெனோச்டிட்லான் வரலாறு.

பாக்கிறதுக்கு பாஸ்போர்ட் வேண்டாம், போட்லியன் நூலகம் மெண்டோசாவை இலவசமா நெட்ல போட்டிருக்கு. சஹகூனும் அவரோட நாவாட்ல் மாணவர்களும் சேர்ந்து செஞ்ச 12 புத்தகம் இருக்கே, ஃபுளோரன்ஸ் நகரத்துல இருக்கிற கோடெக்ஸ், ஏறக்குறைய 2,500 படம், அதை 2023ல அமெரிக்காவோட கெட்டி (Getty) நிறுவனம் மொழிபெயர்ப்போட இணையத்துல ஏத்திட்டாங்க. 1576ல கொள்ளைநோய் ஊரை வழிச்சு எடுத்துட்டு இருந்தப்போ வரைஞ்ச படங்கள் அதுல உண்டு, கடைசிப் பகுதியில வண்ணமே இல்லாத பக்கங்கள் நிறைய.

முதல் தடவை பாக்கிறவங்க மெண்டோசாவோட மூணாவது பாகத்துலேருந்து ஆரம்பிங்க, அது அன்றாட வாழ்க்கை பத்தினது, ஆரம்பமே புள்ளை வளர்ப்புதான். 3 வயசுக்கு ஒரு வேளைக்கு அரை சோள ரொட்டி, 4 வயசுக்கு ஒண்ணு, 6லேருந்து ஒண்ணரை, 13 ஆனா ரெண்டு, வயசுக்கு புள்ளி வச்சு ரொட்டியும் வரைஞ்சிருப்பாங்க. 60ஆவது தாள்ல 11 வயசுப் பையன் ஒருத்தனை அப்பா மிளகாய்ப் புகைக்கு மேல பிடிச்சுட்டு இருப்பார், சொன்ன பேச்சு கேக்காததுக்கு தண்டனை. பையன் கண்ணுலேருந்து தண்ணி கொட்டுறதைக் கூட விடாம வரைஞ்சிருக்கார் அந்த ஓவியர்.